எட்டுக் கட்டத்துக்குள் தமிழ்: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கண்-கேமரா நிகழ்வு ஆய்வு

நோயாளி ஐம்பதைத் தாண்டியவர். பாலக்காடு மாவட்டம் சிற்றூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கிராமத்தில் கொப்பரைக் களம் வைத்திருந்தார். வீட்டுப் பேச்சு கொங்குத் தமிழ், படித்தது தமிழ் வழியில். மலையாளம் கேட்டால் புரியும், எழுத வராது. வந்திருப்பது ஏ.எல்.எஸ். எனப்படும் இயக்க நரம்பணு நோய். கை முதலில் போனது, அப்புறம் நாக்கு, அப்புறம் கழுத்து. நான் பேச்சுப் பயிற்சியாளராக அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கியபோது அவர் தன் விருப்பப்படி நம்பிச் செய்ய முடிந்தவை இரண்டுதான்: இமைப்பது, கண்ணைத் திருப்புவது.

இந்த நோயில் கண் மிஞ்சுவது தற்செயல் இல்லை. விழியை அசைக்கும் நரம்பணுக்கள் மற்ற இயக்க நரம்பணுக்களைப் போல் சீக்கிரம் சிதைவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு நோய் முற்றிய பிறகும் பார்வையைத் திருப்ப முடிகிறது. அதனால்தான் உலகம் முழுக்க ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்குக் கண்ணைப் பின்தொடர்ந்து, திரையில் பார்க்கும் எழுத்தைத் தேர்ந்து எழுத உதவும் கேமராவைப் பரிந்துரைக்கிறார்கள்.

குடும்பம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எந்தக் கேமரா வாங்கலாம் என்பது. நான் சொன்னது, இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம் என்று. கேமராவின் பிழை எவ்வளவு என்பதை அந்த அறையில், அந்தக் கட்டிலில், அந்த மனிதரை வைத்து அளக்க வேண்டும். பிறகு அந்தப் பிழைக்குள் அடங்கும்படி எழுத்துப் பலகையை வெட்ட வேண்டும். பலகையை முதலில் வரைந்துவிட்டு அதற்கேற்ற கேமராவைத் தேடிப் போனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். கருவி ஒரு மாதத்தில் பீரோவுக்குள் போய்விடும்.

தகட்டில் தொடக்கம்

கேமராவுக்கு முன்னால் ஓர் அக்ரிலிக் தகடு வந்தது. நடுவில் ஓட்டை, விளிம்பைச் சுற்றி எட்டு இடங்களில் எழுத்துக் கூட்டங்கள். எதிரில் இருப்பவர் தகட்டை இரண்டு முகங்களுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். நோயாளி முதலில் ஒரு கூட்டத்தைப் பார்ப்பார். பிறகு அந்தக் கூட்டத்துக்குள் தன் எழுத்து எந்த மூலையில் இருக்கிறதோ, தகட்டின் அதே மூலையைப் பார்ப்பார். ஓட்டை வழியாக எதிராளி கண்ணைப் படிப்பார். இ-டிரான் என்று பெயர். செலவு கிட்டத்தட்ட இல்லை, கரண்ட் வேண்டாம், வெயில் அடித்தாலும் வேலை செய்யும்.

அவர் மனைவி இரண்டே வாரத்தில் இதில் தேர்ந்துவிட்டார். சிக்கல் அங்கிருந்தே வந்தது. தேர்ந்தவர்கள் ஊகிப்பார்கள். "தண்" வரை வந்ததுமே "தண்ணியாங்க?" என்று கேட்டுவிட்டு டம்ளரை எடுக்கப் போய்விடுவார். நோயாளி சொல்ல வந்தது தண்டபாணி, களத்துக்குக் கொப்பரை பாக்கி வைத்திருந்தவர். தண்ணீர் திரும்பத் திரும்ப வந்தது, தண்டபாணி வரவே இல்லை. ஊகம் வேகத்தைக் கொடுக்கும், மறுக்க முடியாது. ஆனால் முடிக்கும் உரிமை பேசுகிறவரிடம் இருக்க வேண்டும். கேமராவின் பெரிய வசதியே அதற்கு ஊகிக்கும் ஆர்வம் கிடையாது என்பதுதான்.

தகட்டை ஒதுக்கவில்லை. இன்றும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. அது ஏன் என்று பின்னால் வரும்.

கேமரா எதைப் பார்க்கிறது

வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவி நிற்கிறது என்பது 1870-களின் கடைசியில் பாரிஸில் ழவால் என்ற கண் மருத்துவரின் கூடத்தில் தெரியவந்தது. அப்புறம் ஹூயி என்ற அமெரிக்கர், விழிமேல் பிளாஸ்டர் குப்பி ஒட்டி, அதில் அலுமினிய முள் பொருத்திக் கண் அசைவைப் பதிவு செய்தார். கேட்கவே கண் எரிகிறது. 1901-இல் டாட்ஜும் கிளைனும் கண்ணைத் தொடாமல், கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியாவில் தெறிக்கும் ஒளிப்புள்ளியைப் புகைப்படத் தகட்டில் பிடித்தார்கள். இன்றைய அகச்சிவப்புக் கருவிகளின் அடிப்படை அந்தத் தெறிப்புதான்.

அகச்சிவப்புக் கருவி நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை, பெரும்பாலும் 850 நானோமீட்டர் பக்கத்தில், முகத்தின் மேல் வீசுகிறது. கார்னியாவில் ஒரு புள்ளி மின்னும். கண் திரும்பும்போது பாப்பா, அதாவது கருவிழி நடுவிலுள்ள கறுப்பு ஓட்டை, நகரும்; மின்னும் புள்ளி அந்த அளவுக்கு நகராது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியிலிருந்து பார்வையின் திசையைக் கணக்கிடுகிறார்கள். தலை கொஞ்சம் ஆடினாலும் தாங்கும்.

லேப்டாப்பில் உள்ள சாதாரண வெப்கேமுக்கு இந்தப் புள்ளி இல்லை. இன்னொரு குறையும் உண்டு, அது நம் ஆட்களுக்கே உரியது. அடர் பழுப்புக் கண்ணில், சாதாரண வெளிச்சத்தில், பாப்பா எங்கே முடிகிறது, அதைச் சுற்றிய நிற வளையமான ஐரிஸ் எங்கே தொடங்குகிறது என்று கேமராவால் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே கறுப்பு. அகச்சிவப்பில் மெலனின் என்ற கறுப்பு நிறமி குறைவாகவே ஒளியை உறிஞ்சுவதால் அதே ஐரிஸ் வெளிறித் தெரியும், பாப்பா கறுப்பாகப் பிரிந்து நிற்கும். ஆக, வெப்கேம் பாப்பாவை விட்டுவிட்டு ஐரிஸும் வெள்ளை விழியும் சேரும் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. பக்கவாட்டில் அந்த விளிம்பு நன்றாகத் தெரியும். மேலும் கீழும் இமை மூடியிருக்கும். அதனால் வெப்கேமுக்கு இடது-வலது ஓரளவு தெரியும், மேல்-கீழ் தடுமாறும்.

ஒவ்வொருவருக்கும் தனியாக அளவு பொருத்தம் செய்ய வேண்டியதற்கும் காரணம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கண்ணின் வடிவ அச்சும் நாம் உண்மையில் பார்க்கும் அச்சும் ஒன்றில்லை. சுமார் 5 டிகிரி விலகியிருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். திரையில் சில புள்ளிகளைப் பார்க்கச் சொல்லி, "இவர் இங்கே பார்க்கும்போது கண் இப்படி இருக்கிறது" என்று நிரலுக்குக் கற்றுக் கொடுப்பது அதற்காகத்தான்.

எட்டுக் கட்டம் எங்கிருந்து வந்தது

அவருடைய தம்பி மகன் கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறான். நிரல் எழுதியது அவன்தான். பிரவுன் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட வெப்கேசர் என்ற இலவச நிரலை எடுத்துக்கொண்டான். அது உலாவிக்குள்ளேயே ஓடுகிறது, முகப்படம் கணினியை விட்டு வெளியே போவதில்லை. படுக்கையில் இருக்கும் ஒருவரின் முகத்தை நாள் முழுக்கக் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. வெப்கேசர் மவுஸ் சொடுக்கிலிருந்து கற்றுக்கொள்ளும். அவரால் சொடுக்க முடியாது, ஆகவே அவர் புள்ளியைப் பார்த்து இமைத்ததும் மனைவி சொடுக்குவார்.

இனி கணக்கு. கண்ணுக்கும் திரைக்கும் 60 செ.மீ. என்று வைத்தால் 1 டிகிரி என்பது திரையில் 1 செ.மீ.க்குச் சற்றே மேல். அகச்சிவப்புக் கருவி நல்ல நிலையில் அரை டிகிரி முதல் 1 டிகிரி வரை பிழை காட்டும். வெப்கேமுக்கு 4 டிகிரி பக்கம் வந்தாலே சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் அறையிலும் நல்ல காலைகளில் அவ்வளவுதான் வந்தது. 4 டிகிரி என்றால் 4.2 செ.மீ. இந்தப் பக்கம் 4.2, அந்தப் பக்கம் 4.2. ஒரு கட்டம் குறைந்தது 8.4 செ.மீ. அகலம் இருந்தால்தான் நடுவைப் பார்க்கும் பார்வை பக்கத்துக் கட்டத்தில் விழாது.

15.6 அங்குல லேப்டாப் திரை 34.5 செ.மீ. அகலம், 19.4 செ.மீ. உயரம். அகலத்தில் நான்கு கட்டம், உயரத்தில் இரண்டு. மொத்தம் எட்டு. உயரத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 9.7 செ.மீ. கிடைக்கிறது. வெப்கேம் மேல்-கீழில் தடுமாறும் என்றேனே, அதற்கு இந்த உபரி சரியாகப் போய்விடும்.

எட்டுக் கட்டத்தில் 247 எழுத்தை எப்படி அடைப்பது? இங்கேதான் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. இலக்கணம் ஏற்கெனவே ஆறு ஆறாகக் கட்டி வைத்திருக்கிறது. முதல் பக்கத்தில் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று மூன்று கட்டம். குறில் ஒன்று, நெடில் ஒன்று. மீதி மூன்றில் தயார் வாக்கியங்கள், அழி, பேசு. ஒரு கட்டத்தைத் தேர்ந்தால் திரை முழுக்க அந்தக் கூட்டம் விரியும். நெடிலில் ஏழு எழுத்தும் "திரும்பு"வும் சேர்த்து எட்டு. குறிலில் ஐந்து எழுத்து, ஆய்தம், புள்ளி, திரும்பு, அதுவும் எட்டு. வல்லினத்தில் ஆறோடு ஜ, இடையினத்தில் ஆறோடு ஸ சேர்ந்தன. மெல்லினத்தில் மிஞ்சிய இடம் சொல் இடைவெளிக்குப் போனது. அது அங்கே இருப்பது அழகாக இல்லைதான், ஆனால் பழகிவிட்டார்.

உயிர்மெய்க்குத் தனி இடமே தேவைப்படவில்லை. தமிழ்ச் சொல்லில் உயிரெழுத்து தனியாக நிற்பது முதலில் மட்டும்தான், அளபெடையை விட்டுவிட்டால். எனவே மெய்க்குப் பின்னால் எந்த உயிரைத் தேர்ந்தாலும் அது அந்த மெய்யோடு ஒட்டிக்கொள்ளலாம், குழப்பம் வராது. தமிழ்99 விசைப்பலகை பயன்படுத்தியவர்களுக்கு இது தெரிந்த வழி. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழுவதையும், ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த என்று இன எழுத்து வந்தால் புள்ளி விழுவதையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டோம். "தண்ணி" என்று எழுத த, ண, ண, இ. எழுத்துக்கு இரண்டு பார்வை, மொத்தம் எட்டு.

சொல்லின் கடைசியில் புள்ளி போடுவது எரிச்சலாக இருந்தது. மரம், களம், பணம், எல்லாவற்றுக்கும் குறில் பக்கத்துக்குப் போய்ப் புள்ளியை எடுக்க வேண்டும். இடைவெளிக்கு முன் ம வந்தால் தானாக ம் ஆகட்டும் என்று பையன் எழுதினான். நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவரோ எழுதுவது போல் எழுதுவதில்லை, பேசுவது போல் எழுதுகிறார். "நம்ம களம்" என்று அவர் எழுதியதை இயந்திரம் "நம்ம்" என்று படித்தது. ஆளுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த வசதி அன்றே நீக்கப்பட்டது. இப்போது கடைசியில் ம வந்தால் நிரல் இரண்டு வடிவத்தையும் திரையின் இரு பாதியில் காட்டிக் கேட்கிறது.

அறை

நேரம் அதிகம் போனது இதில்தான்.

கட்டில் முன்னறையில் இருந்தது. தலைமாட்டில் மேற்கு ஜன்னல். மதியத்துக்கு மேல் வெயில் முதுகுப் பக்கமிருந்து வந்து நேரே கேமராவில் அடிக்கும், முகம் இருட்டாகிவிடும். கட்டிலைத் திருப்பலாம் என்றேன். ஒரு திசையில் திருப்பினால் கதவு இடிக்கும், இன்னொரு திசையில் திருப்பினால் தலை வடக்கே வரும். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று அவருடைய அம்மா சொல்லிவிட்டார். வாதாடவில்லை. தடித்த கறுப்புத் திரைச்சீலை தைத்தோம், முகத்துக்கு முன்னால் பக்கவாட்டில் ஒரு டியூப் லைட் மாட்டினோம். அகச்சிவப்புக் கருவியாக இருந்தாலும் இதே வேலை இருந்திருக்கும். சூரிய ஒளியில் அகச்சிவப்பு ஏராளமாக இருக்கிறது, கருவியின் சின்ன மின்னலை அது விழுங்கிவிடும்.

அடுத்தது கேமராவின் இடம். லேப்டாப்பில் கேமரா திரைக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கீழ் வரிசைக் கட்டங்களைப் பார்க்கும்போது மேல் இமை இறங்கி ஐரிஸில் பாதியை மறைத்துவிடுகிறது. தனி வெப்கேம் ஒன்றைத் திரையின் கீழ் விளிம்பில் பொருத்தினோம். கடையில் விற்கும் அகச்சிவப்புக் கருவிகளும் பெரும்பாலும் திரைக்குக் கீழேதான் மாட்டப்படுகின்றன. சாய்ந்து படுத்திருப்பவருக்குத் திரையும் அதே அளவு சாய்ந்து முகத்துக்கு நேராக நிற்க வேண்டும். டி.வி. மாட்டும் சுவர்த் தாங்கியை ஒரு மரக்காலில் பொருத்தி உள்ளூர் ஆசாரி செய்து கொடுத்தார். கம்பெனி ஸ்டாண்டைவிட உறுதி.

மூக்குக் கண்ணாடி இரட்டைக் கண்ணாடி, மேலே தூரத்துக்கு, கீழே வாசிக்க. அந்தக் கோடு ஐரிஸை வெட்டிக்கொண்டு நின்றது, டியூப் லைட்டும் அதில் பளிச்சிட்டது. கழற்றிவிட்டு எழுத்தைப் பெரிதாக்கினோம். 8 செ.மீ. கட்டத்தில் எழுத்தைப் பெரிதாக்க இடத்துக்கா பஞ்சம்!

இவ்வளவும் ஆன பிறகு ஒரு காலையில் எல்லாம் சரியாக இருந்து, அரை மணி நேரத்தில் எல்லாமே தப்பாகப் போனது. பையன் வேறு கேமரா வாங்கலாம் என்றான். நான் பிழையை வரைந்து காட்டச் சொன்னேன். எட்டுக் கட்டத்தின் நடுவையும் அவர் வரிசையாகப் பார்க்க, நிரல் தான் ஊகித்த இடத்தில் புள்ளி வைக்கும். புள்ளிகள் கண்டபடி சிதறவில்லை. ஒன்றையொன்று ஒட்டித்தான் விழுந்திருந்தன, மொத்தக் கூட்டமும் வலப்பக்கம் கீழே நகர்ந்திருந்தது. சிதறல் வேறு, நகர்வு வேறு. சிதறினால் கேமராவையோ வெளிச்சத்தையோ சந்தேகிக்க வேண்டும். மொத்தமாக நகர்ந்தால் ஆள் நகர்ந்திருக்கிறார் என்று பொருள். பலவீனமான கழுத்து, தலை மெல்ல வலப்பக்கம் சரிந்திருக்கிறது. சுருட்டிய துண்டு ஒன்று காதுக்குக் கீழே போனது. திரை நடுவில் ஒரே ஒரு புள்ளியைப் பார்த்தால் மொத்தக் கணக்கும் இழுத்துச் சரி செய்யப்படும்படி பையன் ஒரு பொத்தானும் சேர்த்தான். கேமரா அதேதான்.

பார்ப்பதும் கேட்பதும்

கண்ணை வைத்து எழுதுவதில் பழைய தொல்லை ஒன்று உண்டு. தொட்டதெல்லாம் பொன்னான மைதாஸ் அரசன் கதையை வைத்து, ராபர்ட் ஜேக்கப் 1990-இல் அதற்கு மைதாஸ் தொடுகை என்று பெயர் சொன்னார். பார்த்ததெல்லாம் தேர்வாகிவிடும். கண் என்பது தேடுவதற்கான உறுப்பு, அதையே தேர்வு செய்யவும் பயன்படுத்தினால் தேடும்போதே தேர்வாகிவிடுகிறது. வழக்கமான தீர்வு, ஒரு கட்டத்தில் பார்வை இவ்வளவு நேரம் நின்றால்தான் தேர்வு என்று வைப்பது. அரை நொடி பழகியவர்களுக்கு. அவருக்கு ஒன்றரை நொடியில் தொடங்கி, பிறகு 1 நொடிக்கு வந்தோம். அதற்கும் கீழே இறக்கினால் தப்பெழுத்துகளை அழிப்பதிலேயே நேரம் போகிறது.

எட்டுக் கட்டமும் திரையை நிறைத்துவிட்டதால் கண்ணுக்கு ஓய்வு இடம் இல்லை. பார்வை திரையை விட்டு வெளியே போனால் நிரல் நின்றுவிடும்படி செய்தோம். அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் ஓய்வு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தயார் வாக்கியங்கள் பற்றிச் சொல்ல வேண்டும். குடும்பம் கொடுத்த பட்டியல்: தண்ணீர், வலிக்கிறது, திருப்பிப் போடு, பசிக்கிறது. எல்லாம் பராமரிப்பவருக்குத் தேவைப்படும் சொற்கள். அவரிடம் கேட்டு எழுதிய பட்டியலில் முதலில் வந்தது "பொறு". அடுத்து "வேண்டாம்", "யாரது?", "டி.வி. சத்தத்தைக் குறை", "அது அப்படி இல்ல". நான் பார்த்தவரை "பொறு" போல் எதுவும் பயன்படவில்லை. நோயாளியைக் கேட்காமல் சொற்பட்டியல் போடும் வழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது.

குரலும் முக்கியமாக இருந்தது. கேரளத்தில் 2008-இலேயே பாலியேட்டிவ் பராமரிப்புக்கு, அதாவது நோயின் வேதனையைத் தணிக்கும் பராமரிப்புக்கு, தனிக் கொள்கை வந்துவிட்டது, பஞ்சாயத்து வழியாக வீட்டுக்கே நர்ஸ் வருகிறார். இந்த வீட்டுக்கு வருபவர் மலையாளி. தமிழ் கேட்டால் புரியும், எழுத்து தெரியாது. தகட்டுப் பலகை அவருக்குப் பயன்படவே இல்லை. திரையில் எழுதியதைக் கூகுளின் தமிழ்க் குரல் வாசித்ததும் அவர் கட்டில் பக்கம் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். "சேட்டா, ராத்திரி எப்படி இருந்துச்சு?" என்று மனைவியைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே கேட்டார்.

கேமரா ஓயும் இடங்களும் உண்டு. இரவில் மூச்சுக்கு பைபேப் முகமூடி மாட்டினால் நிரலுக்கு முகமே கிடைப்பதில்லை. கண் சொட்டு மருந்து விட்ட உடனேயும் கொஞ்ச நேரம் தடுமாறும். சாயங்காலம் கண் களைத்துவிடும். அப்போதெல்லாம் ஆணியிலிருந்து தகடு இறங்கும்.

அகச்சிவப்புக் கருவி ஒன்றை இரவல் வாங்கியும் பார்த்தோம். பிழை கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. 12 உயிர், 18 மெய், ஆய்தம் சேர்த்து 31, கூட ஒரு இடைவெளி. அகலத்தில் எட்டு, உயரத்தில் நான்கு என்று 32 கட்டம் போட்டால் ஒவ்வொன்றும் 4 செ.மீ.க்கு மேல் வரும், 2 டிகிரி பிழையைத் தாங்கும். "தண்ணி"க்கு நான்கே பார்வை, பாதிக்குப் பாதி. வாங்கலாமா என்று அவரையே கேட்டோம். விலையைக் கேட்டார். சொன்னதும் "பொறு" என்றார். வேகம் அவருக்கு அவ்வளவு பெரிய குறையாகப் படவில்லை, தண்டபாணியின் பாக்கி வருவதுதான் முதல் காரியமாக இருந்தது. அதற்கு எண்கள் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். பத்து எண்ணை எட்டில் அடைக்க முடியாததால் அது இரண்டு பக்கமாக ஆனது.

இப்போதைய ஏற்பாடு இது. வாரம் ஒரு காலை எட்டுப் புள்ளிச் சோதனையை மனைவி செய்து, படத்தைப் பையனுக்கு அனுப்புகிறார். புள்ளிகள் நகர்ந்திருந்தால் துண்டையும் தலையணையையும் பார்ப்பது. சிதறல் 4 செ.மீ.யைத் தாண்டி, வெளிச்சத்தைச் சரி செய்தும் குறையாமல் இருந்தால், அல்லது இமை இறங்கி வெப்கேமுக்கு விளிம்பு கிடைக்காமல் போனால், அகச்சிவப்புக் கருவிக்குப் போவது. ஆய்தத்தை எடுத்துவிட்டு "பொறு"வுக்கு ஒரு கட்டம் ஒதுக்கி, 32 கட்டப் பலகையைப் பையன் எழுதி அதே லேப்டாப்பில் வைத்திருக்கிறான். அதில் "பொறு" எந்தக் கட்டம் என்று அவர் இப்போதே தேர்ந்து சொல்லிவிட்டார்: மேல் வரிசையில் இடப்பக்க மூலை.